ஈக்காட்டுத்தாங்கலில் ஏழு பந்துகள்



'தாங்கல்' என்னும் சொல்லுக்குச் சிறிய ஏரி என்பது பொருள். பெய்யும் மழையைத் தாங்கி வைத்திருந்து, வேண்டும்போது வயலுக்கு விடும் நீர்நிலை அது. பழவந்தாங்கல், அய்யப்பன்தாங்கல், வேடந்தாங்கல் என்று சென்னையிலும் அதைச் சூழ்ந்த ஊர்களிலும் இச்சொல்லைப் பெயரில் சுமக்கும் இடங்கள் பல. அவற்றுள் ஒன்றுக்குத்தான் இம்மாதம் தங்களை அழைத்துச் செல்கிறேன். அதன் பெயர் ஈக்காட்டுத்தாங்கல்.

கத்திப்பாராவிலிருந்து அசோக் நகரை நோக்கி நூறடிச் சாலையில் வாருங்கள். அடையாற்றுப் பாலத்தைத் தொடும் முன் வருவது ஈக்காட்டுத்தாங்கல். பாலத்தைக் கடந்தால் ஜாபர்கான்பேட்டை. ஒருபுறம் 1958-இல் தொடங்கப்பட்டுத் திரு.வி.க. பெயர் தாங்கி நிற்கும் கிண்டித் தொழிற்பேட்டை. லேத்துப் பட்டறைகளும் அச்சகங்களும் இருந்த அதே தெருக்களில் இன்று கண்ணாடி முகப்புடைய கணினி நிறுவனங்களும் நிற்கின்றன. ஜெயா தொலைக்காட்சி, புதிய தலைமுறை ஆகியவற்றின் முகவரியும் இவ்வூர்தான். தலைக்கு மேலே மெட்ரோ ரயில். 2015 ஜூன் 29 அன்று சென்னையின் முதல் மெட்ரோ ஆலந்தூருக்கும் கோயம்பேட்டுக்கும் இடையே ஓடத் தொடங்கியபோது, ஆலந்தூரை அடுத்து வந்த நிலையம் இதுவே.

அதே ஆண்டு டிசம்பர் முதல் நாள் இரவில் அடையாறு கரையை உடைத்துக்கொண்டு இவ்வூருக்குள் புகுந்தது. தாங்கல் இருந்த ஊரில் தண்ணீரைத் தாங்க இடமில்லாமற்போன இரவு அது. மாடிகளில் தவித்த மக்களை மீட்கக் கடற்கரையிலிருந்து மீனவர்கள் படகுகளோடு வந்தார்கள். பள்ளிவாசல்களும் கோயில்களும் பள்ளிக்கூடங்களும் கதவைத் திறந்தன. அந்நாளில் சிறுவர்களாயிருந்து அதைக் கண்டவர்கள் இன்று கல்லூரி மாணவர்கள். வீரம் என்றால் என்ன என்பதை அவர்கள் நேரில் கண்டிருக்கிறார்கள்.

அவர்களுக்குப் பின் பிறந்தவர்கள் வீரத்தை எங்கே காண்கிறார்கள்? அதைப் பற்றித்தான் இக்கட்டுரை.

பையில் வந்த வீரன்

மெட்ரோ நிலையத்துப் படிக்கட்டு இறங்கும் இடத்தில் ஒரு நாள் மாலை, பள்ளிச் சீருடையில் ஒரு சிறுவனும் அவனுடைய நன்னியும் நின்றுகொண்டிருந்தார்கள். அவன் முதுகுப்பையில் ஒரு படம். செம்மஞ்சள் உடை, முட்களைப் போல் நாற்புறமும் விரிந்த தலைமுடி, இறுக மூடிய முஷ்டி. என் தாடியையும் தொப்பியையும் கண்டு சலாம் சொன்ன அச்சிறுவனிடம், "இது யாரப்பா?" என்றேன்.

"இதுதான் ஹஜ்ரத் கோக்கு! யாரு அடிச்சாலும் எந்திரிச்சுடுவாரு!"

"பலாப்பழத்தைத் தலையில கவுத்த மாதிரி இருக்கான். இவன்தான் வீரனாம்!" என்று நன்னி சிரித்தார்.

"அத்தாவோடு சேர்ந்து பார்ப்பாயா?" என்று கேட்டேன்.

"அத்தா ஆபீஸ்ல இருந்து வரும்போது நான் தூங்கிருவேன் ஹஜ்ரத். அம்மா போன்லதான் பார்ப்பேன்."

அச்சிறுவன் சொன்ன வீரனைப் பற்றித் தெரிந்துகொள்வது ஓர் ஆசிரியனுக்குக் கடமை என்று எனக்குப் பட்டது. நாம் கற்பிப்பதற்கு முன்பே பிள்ளையின் நெஞ்சில் ஒருவன் வந்து அமர்ந்திருக்கிறான் என்றால், அவன் யார், அவனுடைய நடத்தை என்ன என்று விசாரிக்க வேண்டாமா?

டோக்கியோவிலிருந்து

ஜப்பானியர் படக்கதையை 'மங்கா' என்பர். நாம் உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுத் தின்னும் மாங்கா வேறு, இது வேறு! 1984-ஆம் ஆண்டின் இறுதியில் அகிரா தோரியாமா என்னும் ஓவியர், சிறுவர்க்கான வார இதழ் ஒன்றில் 'டிராகன் பால்' என்ற படக்கதையைத் தொடங்கினார். நம் சிவகாசியில் லயன் காமிக்ஸ் முதல் இதழ் வெளிவந்ததும் அதே 1984-இல்தான். தோரியாமாவின் கதை 1995 வரை, 519 அத்தியாயங்கள் ஓடியது. அதைத் தாங்கிய இதழ் 1990-களின் நடுவில் வாரத்துக்கு 65 லட்சம் படிகளுக்குமேல் அச்சாயிற்று என்றால், அந்நாட்டுப் பிள்ளைகளை அது எப்படிப் பிடித்திருந்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

1986-இல் டோயி அனிமேஷன் என்ற நிறுவனம் அதைத் தொலைக்காட்சித் தொடராக்கியது. அதே ஆண்டு டிசம்பரில் முதல் திரைப்படமும் வந்தது. அதையும் சேர்த்து 1996 வரை 17 படங்கள். அவற்றுட் பெரும்பாலானவை ஒரு மணி நேரத்துக்கும் குறைவானவை. பள்ளி விடுமுறைக் காலங்களில் வேறு சிறுவர் படங்களோடு சேர்த்து ஒரே நுழைவுச்சீட்டில் காட்டப்பட்டவை. பல்லாண்டு இடைவெளிக்குப் பின் 2013, 2015, 2018, 2022 ஆகிய ஆண்டுகளில் நான்கு முழுநீளப் படங்கள் வந்தன. இவற்றுள் கடைசி மூன்றுக்கும் திரைக்கதை எழுதியவர் தோரியாமாவே. 2018-இல் வந்த 'புரோலி' உலகெங்கும் 10 கோடி டாலருக்குமேல் வசூலித்தது. தோரியாமா 2024 மார்ச் முதல் நாள், தம் 68-ஆம் வயதில் காலமானார்.

இன்னொரு செய்தி தங்களுக்கு வியப்பளிக்கும். கோக்குவுக்கு ஜப்பானிய மொழியில் குரல் கொடுப்பவர் ஒரு பெண்மணி! 1936-இல் பிறந்த மசாகோ நொசாவா அம்மையார் அவர். தம் 49-ஆம் வயதில் ஒரு சிறுவனின் குரலாக அதை ஏற்றவர், 2022-இல் வந்த படத்தில் 85 வயதில் கோக்குவுக்கும் அவனுடைய மக்கள் இருவருக்கும் தாமே பேசினார்.

நம் நாட்டில் இத்தொடர் 2000-களின் தொடக்கத்தில் கார்ட்டூன் நெட்வொர்க்கில் ஆங்கிலத்தில் வந்தது. 2022-இல் அதன் பிந்தைய தொடரான 'டிராகன் பால் சூப்பர்' தமிழிலும் பேசியது. அதே ஆண்டு ஆகஸ்ட் 26 அன்று 'சூப்பர் ஹீரோ' என்ற படம் இந்தியத் திரையரங்குகளில் வெளியிடப்பட்டது. 2025 செப்டம்பரில் 'டீமன் ஸ்லேயர்' என்னும் வேறொரு ஜப்பானிய ஓவியப்படம் தமிழ்க் குரலோடே நம் அரங்குகளுக்கு வந்தது. ஈக்காட்டுத்தாங்கலிலிருந்து மெட்ரோவில் இரண்டாவது நிறுத்தம் வடபழனி. தமிழ்த் திரையுலகம் வளர்ந்த படப்பிடிப்புக் கூடங்களின் இடம் அது. பிற மொழிப் படங்களைத் தமிழ் பேசவைக்கும் தொழில் அங்கு வேரூன்றிப் பல்லாண்டுகள் ஆகின்றன. ஆங்கிலம் தெரியாத வீட்டுப் பிள்ளைக்கும் தோக்கியோவின் கதை இன்று தாய்மொழியில் கிடைக்கிறது. இதைத் தடுத்து நிறுத்திவிடலாம் என்று எண்ணுபவர், அடையாற்று வெள்ளத்தை முறத்தால் தடுக்க நினைப்பவரே.

கதையின் வேர் எங்கே?

'சோன் கோக்கு' என்பது 'சுன் வூகோங்' என்ற சீனப் பெயரின் ஜப்பானிய உச்சரிப்பு. 16-ஆம் நூற்றாண்டில் சீனத்தில் எழுந்த 'மேற்கு நோக்கிய பயணம்' என்னும் நெடுங்கதையில் வரும் குரங்கு வீரனின் பெயர் அது. கோக்கு சிறுவனாக அறிமுகமாகும்போது அவனுக்கு வால் இருப்பதன் காரணம் இப்போது புரிகிறதா? அந்தச் சீனக் கதையில் குரங்கு வீரன் யாருக்குத் துணையாகப் போகிறான்? நூல்களைத் தேடி இந்தியாவுக்கு வரும் ஒரு துறவிக்கு! அத்துறவி வேறு யாருமல்லர். நாம் பள்ளியில் படித்த யுவான் சுவாங். ஏழாம் நூற்றாண்டில், பல்லவர் காலத்தில், நம் காஞ்சிபுரம் வரை வந்துபோனவர்.

இங்கிருந்து 70 கிலோமீட்டருக்குள் இருக்கும் காஞ்சிக்கு வந்த ஒரு பயணியின் வாழ்வு, சீனத்தில் கதையாகி, ஜப்பானில் படமாகி, ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு சிறுவனின் முதுகுப்பையில் வந்து இறங்கியிருக்கிறது! போதிதர்மர் காஞ்சியிலிருந்து சென்று சீனருக்குப் போர்க்கலை தந்தார் என்ற கதையும் நம்மிடையே உலவுகிறது. 2011-இல் வந்த 'ஏழாம் அறிவு' திரைப்படம் அதைப் பரப்பியது. ஷாவோலின் போர்க்கலையை அவர் தந்தார் என்பதை வரலாற்றாய்வாளர் ஏற்பதில்லை. ஆனால் யுவான் சுவாங்கின் பயணம் ஏட்டில் பதிந்த வரலாறு. பெருமை பேசுவதாயின் உள்ளதைக் கொண்டே பேசலாம். பிள்ளைகளுக்கும் அதையே சொல்லலாம்.

உள்ளே என்ன இருக்கிறது?

ஒரு மத்ரஸா ஆசிரியன் என்ற முறையில் ஒளிவுமறைவின்றிச் சொல்கிறேன். இப்படங்களில் நம் வீட்டுக்கு ஒவ்வாதவை உண்டு.

முதலாவது, தலைப்பில் உள்ள பந்துகளே. ஏழு பந்துகளை ஒன்று சேர்த்தால் ஒரு டிராகன் தோன்றிக் கேட்டதைக் கொடுக்கும். இறந்தவரையும் மீட்கும். கேட்பதும் பெறுவதும் இறைவனிடம் மட்டுமே என்று ஓதும் பிள்ளையிடம், இது வெறும் கற்பனை என்பதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இரண்டாவது, 1980-களின் தொடக்கப் பகுதிகளில் ஒரு கிழக் குருவின் வாயிலாக வரும் ஆபாச நகைச்சுவை. சிறுவர்க்கு அது சற்றும் ஆகாது. மூன்றாவது, சினம். நண்பன் கொல்லப்பட்ட ஆத்திரத்தில்தான் கோக்குவின் தலைமுடி முதன்முதலாகப் பொன்னிறமாகிறது. அவனுக்குப் பேராற்றல் வருவது கோபத்தினால்! மல்யுத்தத்தில் பிறரை வீழ்த்துவதில் அன்று, சினம் மூளும்போது தன்னை ஆள்வதில் வலிமையைக் கண்ட நபிமொழியை நாம் கற்பிக்கிறோம். இரண்டும் நேருக்கு நேர் மோதுகின்றன அல்லவா?

ஆனால், கதை அங்கே நின்றுவிடவில்லை. பின்னொரு கட்டத்தில் கோக்கு தன் மகன் கோஹானோடு தனியிடத்தில் பயிற்சி செய்கிறான். என்ன பயிற்சி? அப்பொன்னிற வடிவில் இருந்துகொண்டே உண்பது, உறங்குவது, அமைதியாகச் சிரித்துப் பேசுவது. கோபத்தில் வந்த ஆற்றலைக் கோபமின்றி ஆளக் கற்றுக்கொள்கிறார்கள். இதை ஒரு பிள்ளைக்கு எடுத்துக்காட்டிவிட்டால், நபிமொழியை விளக்க நல்லதோர் உதாரணம் அவன் அறிந்த கதையிலேயே கிடைத்துவிடுகிறது. எடுத்துக்காட்ட ஆள் இல்லையென்றால், அவன் மனத்தில் தங்குவது பொன்னிறத் தலைமுடியும் கூச்சலும் மட்டுமே.

2013-இல் வந்த படத்தின் கதையைக் கேளுங்கள். அழிக்கும் ஆற்றல் படைத்த பீருஸ் என்பவன் பூமிக்கு வருகிறான். ஒரு பிறந்தநாள் விருந்தில் தனக்குத் தின்பண்டம் கிடைக்கவில்லை என்பதற்காகச் சினந்து உலகையே அழிக்கப் புறப்படுகிறான்! கோக்கு போராடுகிறான். இறுதியில் தோற்கிறான். தோற்றேன் என்று வாய்விட்டுச் சொல்கிறான். பூமி பிழைக்கிறது. கதாநாயகன் தோற்று முடியும் படத்தை நம் தமிழ்த் திரையில் எத்தனை முறை பார்த்திருக்கிறோம்?

2018-இல் வந்த 'புரோலி'யில் உலகங்களை நடுங்கவைக்கும் கொடியவன் ஒருவன், அந்தப் பந்துகளைத் தேடுகிறான். அவன் வேண்டுவது என்ன தெரியுமா? தன் உயரம் ஐந்து சென்டிமீட்டர் கூட வேண்டுமாம்! ஆசைக்கு அளவில்லை என்பார்கள். சிலருடைய ஆசையின் அளவு இவ்வளவுதான். அப்படத்தின் உயிர் வேறிடத்தில் இருக்கிறது. பாராகஸ் என்னும் தந்தை, தனக்கு இழைக்கப்பட்ட அநீதிக்குப் பழிவாங்க, தன் மகன் புரோலியை ஆயுதமாகவே வளர்க்கிறான். மகன் ஒரு காட்டு விலங்கோடு நட்புக் கொண்டதைக்கூடப் பொறுக்காமல் சுட்டுத் துரத்துகிறான். மகனின் கழுத்தில் மின்னதிர்ச்சிப் பட்டை கட்டி அடக்கி வைக்கிறான். அப்பிள்ளை பேராற்றலோடு வளர்கிறான். அவனுக்கு ஒரு நண்பன்கூட இல்லை. சண்டையெல்லாம் ஓய்ந்த பின், அவன் ஒதுங்கியிருக்கும் பாழ் நிலத்துக்குக் கோக்கு உணவும் தங்குமிடமும் கொண்டு போகிறான். பகைவனுக்குச் சோறு கொண்டு போகும் காட்சி!

பெற்றோரே, தாம் அடைய முடியாத மதிப்பெண்ணையும் வேலையையும் பிள்ளையின் தலையில் கட்டி, அவன் கழுத்தில் பட்டை மாட்டி வைத்திருப்பவர் நம்மில் இல்லையா?

சூப்பர் ஹீரோவும் கண்ணாடிக் கட்டடமும்

2022-இல் வந்த படம் ஈக்காட்டுத்தாங்கலுக்கென்றே எடுக்கப்பட்டது போல் இருக்கிறது. கோக்குவின் மகன் கோஹான் இப்போது ஓர் ஆராய்ச்சியாளன். அறையை அடைத்துக்கொண்டு ஆய்வறிக்கை எழுதுகிறான். அவனுக்குப் பான் என்று மூன்று வயதுப் பெண் குழந்தை. மழலையர் பள்ளியிலிருந்து குழந்தையை அழைத்துவர அவனுக்கும் நேரமில்லை, மனைவிக்கும் வேறு வேலை. யாரை அனுப்புகிறார்கள்? பிக்கோலோவை. அவன் யார்? ஒரு காலத்தில் கோக்குவைக் கொல்ல வந்த பகைவன். பிறகு கோஹானுக்கே ஆசானாக மாறியவன். மாணவனின் மகளுக்கு இப்போது அவனே பயிற்சி தருகிறான், பள்ளியிலிருந்து அழைத்தும் வருகிறான். வேலை முக்கியம்தான், ஆனால் உன் மகளை யார் பார்ப்பது என்று கோஹானைக் கண்டிப்பவனும் அவனே.

மாலை ஏழு மணிக்கு ஈக்காட்டுத்தாங்கல் சாலையில் நின்று அண்ணாந்து பாருங்கள். ஒவ்வொரு மாடியிலும் விளக்கு எரிகிறது. ஒவ்வொரு விளக்கின் கீழும் ஒரு கோஹான் அமர்ந்திருக்கிறான். அவன் சோம்பேறி அல்லன். வீட்டுக் கடனுக்காகவும் பள்ளிக் கட்டணத்துக்காகவும் உழைப்பவன். இங்கிருந்து சில கிலோமீட்டரில் ஒரு குழந்தை கைபேசியை மார்பில் வைத்தபடி தூங்கிப்போகிறது. வளைகுடாவில் உழைக்கும் நம் சகோதரர்களின் வீடுகளில் இந்த இடைவெளி மாலையோடு முடிவதில்லை, ஆண்டுக்கணக்கில் நீள்கிறது.

படத்தில் அந்த இடைவெளியை நிரப்ப ஓர் ஆசான் வந்தான். நம் தெருக்களில் அந்த இடத்தில் நிற்க வேண்டியவர் யார்? தாத்தா, நன்னி, மாமா, பக்கத்து வீட்டு அண்ணன், பள்ளி ஆசிரியர், மத்ரஸா உஸ்தாத். இவர்கள் விட்டுவைத்த இடத்தில்தான் கைபேசி வந்து அமர்கிறது. குற்றத்தைக் கோக்குவின் மேல் சுமத்திவிட்டு நாம் தப்பிக்க முடியாது.

அரபு நாட்டிலும்

ஜப்பானியப் படங்கள் முஸ்லிம் நாடுகளுக்குப் புதியவை அல்ல. அரபுக் குழந்தைகள் பல்லாண்டுகளாக அவற்றை அரபுக் குரலில் பார்த்து வளர்ந்தவர்கள். 2024 மார்ச்சில், ரியாத் அருகே கித்தியாவில் டிராகன் பால் பெயரால் ஐந்து லட்சம் சதுர மீட்டரில் ஒரு கேளிக்கைப் பூங்கா அமையும் என்று சவூதி அரேபியாவில் அறிவிக்கப்பட்டது. 70 மீட்டர் உயர டிராகன் உருவமும் அதில் அடக்கம்.

நான் கூடுதலாக மகிழ்ந்த செய்தி வேறு. கோக்குவைத் திரைக்குக் கொண்டுவந்த அதே டோயி நிறுவனம், சவூதியின் மங்கா புரொடக்ஷன்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து 2021-இல் 'பயணம்' என்று பொருள்படும் பெயரில் ஒரு படத்தை எடுத்தது. அதன் கதை என்ன? யானைப் படையோடு மக்காவின் மீது படையெடுத்து வந்த ஆப்ரஹாவை அந்நகர மக்கள் எதிர்கொள்ள நின்ற வரலாறு! நம் பிள்ளைகள் ஃபீல் அத்தியாயத்தில் ஓதும் நிகழ்ச்சி, ஜப்பானியத் தூரிகையால் வரையப்பட்டிருக்கிறது. தூரிகை ஒன்றுதான். அதை யார் எந்தக் கதைக்குப் பிடிக்கிறார்கள் என்பதே கேள்வி. நம் கதைகளை நாம் வரையாதிருந்தால், பிறர் வரைந்ததைப் பிள்ளைகள் பார்ப்பது இயல்பு. நம் சமுதாயத்தில் ஓவியமும் எழுத்தும் கணினிக் கலையும் கற்ற இளைஞர்கள் இல்லாமலில்லை.

என்ன செய்யலாம்?

வாசக நேயர்களே! மூன்று யோசனைகளைத் தங்கள் முன் வைக்கிறேன்.

ஒன்று: எதைப் பார்ப்பது என்பதைப் பெரியவர்கள் முதலில் பார்த்துத் தெரிந்தெடுங்கள். எல்லாப் படமும் எல்லா வயதுக்கும் ஆகாது. பழைய தொடக்கப் பகுதிகளைச் சிறுவரிடம் கொடுக்க வேண்டாம்.

இரண்டு: வாரத்தில் ஒரு மணி நேரமாவது அருகில் அமர்ந்து பாருங்கள். முடிந்ததும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். "புரோலியை அப்படி ஆக்கியது யார்?" என்று கேட்டுப் பாருங்கள். பிள்ளை சொல்லும் பதில் தங்களைச் சற்று நேரம் பேசவிடாமல் செய்யும்.

மூன்று: திரையில் கண்ட பயிற்சிக்குத் திடலில் வழி செய்யுங்கள். சிலம்பமோ கராத்தேயோ ஓட்டமோ, உடல் வியர்க்கும் ஏதேனும் ஒன்று. கோக்குவிடம் நான் கண்ட நல்ல குணம் அவன் நாள்தோறும் பயிற்சி செய்கிறான் என்பதே. அதைக் கட்டிலில் படுத்துப் பார்ப்பவன் அதற்கு நேர்மாறானதைத்தான் பழகுகிறான்.

மழைநீர் தானாக வரும். அதைத் தடுத்து நிறுத்த நம் முன்னோர் முயலவில்லை. கரை கட்டி, மதகு வைத்து, தேவையானதை வயலுக்கு விட்டார்கள். கரையில்லாத இடத்தில் அதே நீர் வெள்ளமாகிறது என்பதை ஈக்காட்டுத்தாங்கல் மக்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பிள்ளைகளிடம் வந்து சேரும் கதைகளுக்குக் கரையும் மதகுமாக இருக்க வேண்டியவர்கள் நாம்தாம். அதற்கு இன்று மாலை நம்மால் எவ்வளவு நேரம் ஒதுக்க முடியும்?

சிந்திப்போமாக! வஸ்ஸலாம்.